ஆறு ஆன்டெனாவும் ஓர் இரும்புப் பெட்டியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை. எங்கள் மகளிர் மன்ற ஆண்டு மலருக்கு 'வீட்டுக்கு நல்ல வைஃபை ரவுட்டர் வாங்குவது எப்படி' என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதிய முதல் வரி இது:

நல்ல ரவுட்டருக்கு வேகத்தைவிட நம்பகம் முக்கியம். நம்பகம் என்றால்

அங்கேயே பேனா நின்றுவிட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் நல்லசாமி அண்ணன் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் வந்த பிறகு கட்டுரை எங்கே உருப்படும்?

2

கதைக்கு வேறொரு ஆரம்பமும் வைத்திருந்தேன். 'நிலக்கரிப் புழுதி படிந்த ஒரு பொன்மாலையில்...' (அடித்துவிட்டேன். இந்த ஊரில் மாலையைப் பார்த்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.)

நேராகவே சொல்கிறேன். நல்லசாமி அண்ணனுக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். இங்கே நிலக்கரி மைன்ஸில் முப்பத்தோரு வருஷமாக கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். மனைவி தனபாக்கியம் அக்கா. ஒரே மகள் சண்முகப்ரியா, புனேயில் வேலை பார்க்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. அந்த வீட்டின் பாஷை கைதான்.

அதில் பாதி அவள் பள்ளிக்கூடத்தில் கற்றது. மீதி மைன்ஸில் இருந்து வந்தது. பெல்ட் ஓடும் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் அண்ணனும் கூட்டாளிகளும் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். ஓட்டு, நிறுத்து, சாப்பிட வா எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. இரண்டு வயது மகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற மனுஷன் அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. ஒருவர் கை காட்டினால், எதிரில் இருப்பவர் அதையே திருப்பிக் காட்டும்வரை கையை இறக்கக் கூடாது. (எல்லா மைன்ஸிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் செட்டில் அப்படித்தானாம்.)

இந்தச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். எனக்குப் பின்னால் தேவைப்படும்.

3

போன மாதம் அவர்கள் வீட்டுப் பழைய ரவுட்டர் செத்துப்போனது. இணைப்பு கொடுக்கும் கொளஞ்சியப்பன் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்து கழற்றிப் பார்த்தார்.

"உள்ள பூரா தூசிங்க சார். காத்தோட பூந்துகினே இருந்தா அது என்னாதான் பண்ணும்?"

வேறு யாராவது என்றால் புது ரவுட்டர் வாங்கி அலமாரி மேல் வைத்து வாரம் ஒருமுறை துடைப்பார்கள். முப்பத்தோரு வருஷம் புழுதியோடு மல்லுக்கட்டியவர் அப்படிச் செய்வாரா? அவர் வேலை பார்க்கும் இடத்தில் சுவிட்ச் முதற்கொண்டு எல்லாம் பெட்டிக்குள்தான் இருக்கும். இரண்டு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்று வாங்கினார். வடக்குத்து வெல்டரிடம் அதற்கு அளவெடுத்து இரும்புப் பெட்டி செய்தார். கதவுக்கு ரப்பர் பட்டை, பூட்டு, சாம்பல் நிற பெயின்ட், எர்த் கம்பி. (மைன்ஸிலிருந்து ஒரு திருகாணிகூட எடுத்துவரவில்லை. இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.)

"பாரு வளரு, இனி ஒரு பொட்டுத் தூசி உள்ள போகாது கண்ணு. என்ற புள்ள மொகம் பளிச்சுனு தெரியும்" என்றார் என்னிடம்.

செவ்வாய்க்கிழமை பூட்டினார். அன்று சாயங்காலமே மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

4

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் கொஞ்சம் பேச வேண்டும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டரை வைத்தால் சிக்னல் வெளியே வரத் திணறும். துளியூண்டு கசியும், குரலுக்கு அது போதும். படத்துக்குப் போதாது. அந்த வீட்டுக்குக் குரலால் என்ன பிரயோஜனம்? (மொபைல் டேட்டாவையும் நம்ப முடியாது, எங்கள் வரிசையில் டவர் சரியாகக் கிடைக்காது.)

புதன்கிழமை கொளஞ்சியப்பன் மறுபடி வந்தார். அண்ணன் பெட்டியைத் திறந்துவிட்டார். திறந்ததும் எல்லாம் ஜோராக வேலை செய்தது. "சூப்பரா ஓடிகினு இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அண்ணன் பெட்டியைப் பூட்டினார். படம் நின்றது. ரவுட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, வியாழக்கிழமை நான்கு ஆன்டெனா ரவுட்டர் வாங்கினார். அதுவும் பெட்டிக்குள் போனது.

அதற்குள் சண்முகப்ரியாவிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. அக்கா என்னிடம் காட்டினார். 'ஒரு பெரிய முடிவு எடுக்கணும் அப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். மெசேஜ்ல கேக்க மாட்டேன். உங்க கையைப் பாத்துதான் கேக்கணும்.'

யாருக்குப் பதில், என்ன முடிவு, ஒன்றும் இல்லை. அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

5

காரணம் எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். என் சமையலறையில் நின்று போனைத் திறந்தால் 'பிரியா அப்பா' என்ற அவர்கள் வைஃபை பெயர் பட்டியலில் தெரியும். அன்று சாயங்காலம் அது காணாமல் போயிருந்தது.

ஏன் சொல்லவில்லை? அவ்வளவு ஆசையாகச் செய்த பெட்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

(மேலே உள்ள வரி பொய். அழிக்காமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்குத் தெரியட்டும்.)

உண்மை இதுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி இதைக் கதையாக எழுத ஆரம்பித்துவிட்டேன். இரண்டு ஆன்டெனா, அடுத்து நான்கு. கதைக்கு மூன்றாவது ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அடுத்து ஆறு ஆன்டெனா வாங்குவார், அது பழைய பெட்டிக்குள் நுழையாது, பெரிய பெட்டி செய்வார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படியே நடந்தது. வெட்கமாக இருக்கிறது.

6

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டும் கையுமாகப் போனேன். புதுப் பெட்டி கிட்டத்தட்ட டிரங்குப் பெட்டி அளவு இருந்தது. ஆறு ஆன்டெனாவையும் உள்ளே நிறுத்திப் பூட்டிவிட்டு, அண்ணன் ஹாலில் போனைச் சாய்த்து வைத்தார். திரையில் சண்முகப்ரியா வந்தாள். இரண்டு நிமிஷம் நன்றாக இருந்தது. அவள் ஏதோ ஆரம்பிக்கும்போது படம் உறைந்துவிட்டது. புனே தெருவில் போகும் ஆட்டோவின் ஹார்ன் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அண்ணன் எழுந்து நின்று, உள்ளங்கையை விரித்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். நில் என்று அர்த்தம். ஒரு நிமிஷம் போனது. தூக்கிய கை இறங்கவில்லை.

"கையக் கீழ போடுங்க. படம் நின்னு போச்சு, அவளுக்குத் தெரியாது" என்றார் அக்கா.

"அந்தப் பக்கம் தெரிஞ்சாலும் தெரியுமில்ல? நான் எறக்கீட்டா அப்பன் போயிட்டான்னு நெனச்சுக்குவா புள்ள."

என்னால் முடியவில்லை. நோட்டைப் போட்டுவிட்டு, மேஜையிலிருந்த சாவியை எடுத்துப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். "இந்தப் பெட்டிதாண்ணா அடைக்குது" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் முதலில் அவளுக்குப் பின்னால் திரைச்சீலை அசைந்தது. பிறகு ஃபேன் சுற்றியது. சண்முகப்ரியாவின் கை மட்டும் அசையவில்லை. உள்ளங்கையை விரித்து, தலைக்கு மேல், அவளும் தூக்கிப் பிடித்திருந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் நில் என்று சொல்லிவிட்டு, பதில் தெரியாமல், கையை இறக்காமலே நின்றிருக்கிறார்கள்.

அப்பா மகளைப் பார்த்தார். இரண்டு கைகளும் ஒன்றாக இறங்கின. நான் அழுதுவிட்டேன்.

(ஆண்டு மலருக்கு ஒரே வரி எழுதி அனுப்பினேன்: எந்த ரவுட்டர் வாங்கினாலும் இரும்புப் பெட்டியில் பூட்டாதீர்கள்.)

7

அவள் என்ன கேட்டாள்?

முடிவு அ: ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, பெயர் அருள்...

முடிவு ஆ: கம்பெனியில் வெளிநாட்டுக்கு

முடிவு இ:

வேண்டாம். அவள் கையை அசைக்க ஆரம்பித்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு அக்கா எல்லாம் சொன்னார், சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும். எனக்குத் தெரியும், ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நான்கு நாள் அந்தப் பேச்சை அவர்களுக்குக் கிடைக்காமல் செய்தவள் நான். அதை எடுத்து இங்கே வைக்க எனக்கு உரிமை இல்லை.

8

இதுவரை எழுதியதை நேற்று அண்ணனிடம் கொடுத்தேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர், வேலி ஓரமாக நின்றபடியே படித்தார். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

படித்து முடித்துத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தன் வீட்டு கேட் வரை போனார். அங்கே திரும்பி நின்று வலது கையைத் தூக்கினார். விரல்களை இரண்டு முறை மூடித் திறந்து, அப்படியே பிடித்துக்கொண்டார்.

அந்தக் கை எனக்குத் தெரியாது. நாலெட்டுத் தூரம்தான். வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையை இறக்கவும் இல்லை.

வாளியைக் கீழே வைத்தேன். ஈரக் கையைத் தூக்கி, அவர் செய்தது மாதிரியே இரண்டு முறை மூடித் திறந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் கையை இறக்கிவிட்டு உள்ளே போனார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவைக் கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளக் கீழே இரண்டு வரி விட்டிருக்கிறேன்.

..............................

..............................