ரப்பர் கொட்டைக்கு மூன்றாம் தண்ணீர்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் வாரப் பத்திரிகை நடத்தும் கார்த்திகேசு போன வாரம் என்னைக் கூப்பிட்டார். "தோட்டத்துல ரப்பர் கொட்டையத் தின்னுட்டு வாந்தி எடுக்குறாங்களாம். புத்தி சொல்ற மாதிரி ஒரு கதை எழுதிக் குடுங்க, தம்பி." ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத் துரைமார் ஆட்களை நிறுத்தி, அரிசியையும் நிறுத்திவிட்டார்கள். பட்டினி கிடப்பவர்களுக்கு அனுப்ப நம்மிடம் புத்தி மட்டும் ஏராளமாக இருக்கிறது. சரி என்று உட்கார்ந்தேன்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் நல்லம்மாள் என்ற விவரம் தெரியாத பெண் ரப்பர் கொட்டையைப் புளியங்கொட்டை மாதிரி வறுத்து—

(நிறுத்திவிட்டேன். புளியங்கொட்டையை வறுத்துத் தின்று வளர்ந்த கூட்டம் நாம். ரப்பர் கொட்டையையும் அப்படி வறுத்துத் தின்று விழுந்தவர்கள் உண்டு. ஆனால் "விவரம் தெரியாத" என்று எழுதியதும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. கார்த்திகேசுவுக்கு வேண்டியது அந்தச் சொல்தான்.)

2

மறுபடியும். நல்லம்மாளுக்கு விவரம் தெரியும். பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரிகள் செய்வதைப் பார்த்திருக்கிறாள். கொட்டையின் ஓட்டை உடைத்து, பருப்பை மூடாத சட்டியில் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்ட வேண்டும். புதுத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் மாற்றி, திரும்ப வேகவைக்க வேண்டும். அதற்கு முன்னால் வாயில் வைத்தால் விஷம்.

இரண்டு தண்ணீர் ஆயிற்று. மூன்றாவதற்குக் குடத்தோடு போனாள். குழாயில் பூட்டு தொங்கியது. கங்காணி தம்புசாமி காவலுக்கு நின்றான்.

"என்னங்கண்ணே இது?"

"தொரை உத்தரவு. வேல நின்னவங்களுக்குத் தண்ணி கெடையாது. ஆளுங்களத் திருப்பி அனுப்புற டிப்போவுக்குப் போங்க, ஊருக்குக் கப்பல் ஏத்தி விடுவாங்க."

"ஒரு கொடம் போதும்."

"ஒனக்குத் தொறந்தா லயத்து வீட்டுச் சனமே வந்து நிக்கும்லா."

(கால்வாய் இல்லையா என்று கேட்காதீர்கள். ரப்பர் ஆலையின் கழிவு அதில்தான் ஓடுகிறது.)

3

வெறுங்குடத்தோடு திரும்பினாள். அவள் புருஷன் அய்யாவு சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். நேற்றிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றுமில்லை.

"ரெண்டு தண்ணி மாத்திட்டல்ல? எடு, இருக்குற தண்ணியிலயே வேகவைக்கலாம்."

"இன்னும் போகலங்க. விஷம் இருக்கும்."

"பசியும்தான் இருக்கு."

இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். மழையை வரவழைத்தேன். கிள்ளானில் மழைக்கா பஞ்சம்? குடம் நிறைந்தது, நல்லம்மாள் சிரித்தாள். அடித்துவிட்டேன். மழை பெய்தால் பூட்டியவன் தப்பித்துவிடுகிறான்.

அய்யாவு தின்று சாகட்டும் என்று எழுதினேன். கண்டதைத் தின்றான், செத்தான் என்று தோட்டத்து டாக்டர் சொல்வார். கார்த்திகேசு அதையே தலைப்பாகப் போடுவார். அதையும் அடித்தேன்.

நல்லம்மாள் கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் உடைத்த பிறகு போலீஸ் பிடித்துப்போவது அவளை. நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடிப்பேன். வெட்கமாக இருந்தது, அதையும்—

4

முடிவு எழுத மாட்டேன். நல்லம்மாள் சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அய்யாவு அதை இழுக்கிறான். அவளுக்கும் பசிதான், பிடி தளர்கிறது.

புத்தி சொல்ல வந்தவர்களே, அவளுக்குத் தெரியாத எதுவும் உங்களிடம் இல்லை. கதையை முடிக்க ஆசைப்பட்டால் முடியுங்கள். ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள், ஒரு குடம் தண்ணீர் கொண்டு வாருங்கள்.