ஒரு சுற்றுக்கு ஒரு நூல்

2008-ஆம் வருஷம் புரட்டாசி முடிவதற்குள், பந்தல்பட்டி கிழக்குத் தெருவில் பவுனுவின் வீடு, கொசுவலைக் கதவில் மாட்டிய ஒரு திருகு கம்பியால் நாலடி உயர்ந்தது. அந்த வாரம் பன்னீர் திராட்சை கிலோ பதினாறு ரூபாய்க்குப் போனது. ஊரில் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். வீடு என்றால் சுவர், கூரை, அடுப்படி, ஆட்டுரல், உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்த அவள் புருஷன் சுந்தரலிங்கம் எல்லாம் சேர்த்துத்தான். இடித்துக் கட்டவில்லை, ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை, மந்திரிக்க யாரும் வரவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மார்க்கையன்கோட்டை பஸ்ஸில் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகலாம், வழியில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

அந்த வீட்டை 1996-ல் கட்டியவள் பவுனு. ஒன்பது வருஷம் விடிகாலை ஜீப்பில் நசுங்கிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் பறித்த கூலியில் கட்டினாள். அப்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். 98-ல் தார் ரோடு வந்தது, ஒரு படி போனது. 2001-ல் அந்த ரோட்டின் மேலேயே இன்னொரு ரோடு, இரண்டாம் படி போனது. 2003-ல் மூன்றாவதும் போனது. 2005-ல் ரோடும் வாசலும் சமம். 2007-ல் போட்ட ரோட்டுக்குப் பிறகு, வீட்டுக்குள் போக முழங்கால் ஆழம் இறங்கவேண்டியதாயிற்று. பழைய ரோட்டைப் பேர்த்தெடுத்துவிட்டுத்தான் புதுசு போடவேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதம் காண்ட்ராக்டர் செல்லப்பாண்டியின் பீரோவில் இருக்கிறது. செல்லப்பாண்டி வேறு யாருமில்லை, சுந்தரலிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர். ரோடு எப்படியெல்லாம் வளரும் என்று தெரிந்த மனுஷன் என்பதால் தன் வீட்டுக்கு மட்டும் ஆறடிக்கு அஸ்திவாரம் எழுப்பியிருந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் நல்லது கெட்டது எதுவென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், பந்தியில் தன் கையால் பரிமாறுவார். ஆனால் தார் டின்னும் கலவை மிஷினும் நிறுத்த இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்குத் தம்பி வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது வீடாகவே தெரியவில்லை, ஷெட்டாகத்தான் தெரிந்தது.

2007 ஐப்பசி மழையில் ரோட்டுத் தண்ணீர் முழுக்கப் பவுனு வீட்டுக்குள் இறங்கியது. அரிசி டிரம் மிதந்து போய் சாமி படத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று நாள் தண்ணீரை இறைத்துக் கை ஓய்ந்துபோன சுந்தரலிங்கம், நாலாம் நாள் அண்ணனோடு உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொண்டார். அடுத்த ஐப்பசியிலும் தண்ணீர் உள்ளே வந்தால் வீட்டை அண்ணனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு ஓடைப்பட்டிப் பக்கம் தோப்புக் காவலுக்குப் போய்விடுவது என்று பேச்சு. இந்தப் பக்கத்தில் பத்திரத்தில் போட்ட கையெழுத்தைக்கூட இல்லையென்று சாதித்துவிடலாம், மாற்றின வெற்றிலையை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. விஷயம் தெரிந்ததும் பவுனு ஆடிப்போனாள். "கட்டுனவ நானு. வெத்தல மாத்துனது அவுகளாக்கும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் என்று வந்துவிட்டால் சுந்தரலிங்கத்துக்கு நாக்கு எழும்பாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

கொசுவலைக் கதவு வந்த கதை தனி. 2006-ல் சிக்குன்குனியா வந்து ஊரே மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு படுத்ததே, அதற்கப்புறம் கம்பம் பள்ளத்தாக்கில் வலைக்கதவு மாட்டாத வீடு கிடையாது. பவுனும் மாட்டினாள். 2007 மழைத் தண்ணீரில் ஊறிய சட்டம் ஆகையால், அடுத்த தை மாசத்துக்குள் கதவு தொங்கிவிட்டது. தாழ்ப்பாள் பக்கத்து மூலை தரையில் இழுபட்டு அரை வட்டமாகக் கோடு விழுந்தது. மேலே விட்டுப்போன இடைவெளியில் கொசு குடும்பத்தோடு வந்துபோனது. அவள் சின்னமனூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அம்மாவாசியிடம் போய்ச் சொன்னாள். அம்மாவாசி திராட்சைப் பந்தல் கம்பி தொய்ந்துபோனால் இழுத்துக் கட்டுகிற திருகு செய்கிறவன். அதையே கதவு அளவுக்குச் சின்னதாகச் செய்துகொடுத்தான். இரண்டு கம்பி, நடுவில் இரண்டு பக்கமும் திருகுமரை வெட்டிய ஒரு கூடு, அவ்வளவுதான். கீல் பக்கத்து மேல் மூலையில் ஒரு முனை, தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ் மூலையில் இன்னொரு முனை. கூட்டைத் திருகினால் கம்பி இரண்டும் நெருங்கும், தொங்கின மூலை மேலே வரும். "ஒரு நாளைக்கு ஒரு சுத்து போதும்க்கா. ஒரு சுத்துக்கு ஒரு நூல் ஏறும். அவசரப்படாதீக" என்று சொல்லி அனுப்பினான். எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு.

பவுனு ஒரு சுற்று சுற்றினாள். கதவு அசையவில்லை. மறுநாள் ஒன்று, அதற்கு மறுநாள் ஒன்று. எட்டாம் நாள் வாசல் கூட்டும்போதுதான் பார்த்தாள், சுவரோடு ஒட்டிக் கிடந்த ரோட்டுத் தார் விட்டுப்போய், ஒரு அங்குலத்துக்கு வெள்ளையடிக்காத பழைய சுவர் தெரிந்தது. அம்மாவாசியை வரவழைத்தாள். அவன் குந்தி உட்கார்ந்து, தீக்குச்சியை விட்டு அளந்து, பீடியைப் பற்றவைத்தான். "கதவு தொங்கலக்கா. வீடுதேன் தொங்கியிருக்கு. திருகு எது தொங்குதோ அதத்தேன் தூக்கும்" என்றான். கேரண்டி உண்டா என்று மட்டும் பவுனு கேட்டாள். இந்த மாதிரி வேலைக்கு இதுவரை கேரண்டி கொடுத்ததில்லை என்று அவனும் நியாயமாகச் சொன்னான்.

ஒரு கதவில் மட்டும் திருகினதால் முதல் மாசம் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஏறியது. தாளிக்கிற எண்ணெய் சட்டியின் ஒரு ஓரத்துக்கே ஓடியது. பாயில் படுத்த சுந்தரலிங்கம் ஒவ்வொரு நாளும் அடுப்படியில் எழுந்தார். வேறு வழியில்லாமல் கொல்லைப்புறத்துக்கும் ஒரு வலைக்கதவு போட்டு அதிலும் ஒரு திருகு மாட்டியபிறகுதான் மட்டம் சரியாயிற்று. மரை தீர்ந்துபோகும் என்று பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தீரவில்லை. குழாய்க்காரர் இரண்டு தடவை வந்து பைப்பை நீட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கரண்டுக்காரர் வயர் தொய்வாக இருக்கிறதே என்று இழுத்துக் கட்டினார். வீட்டு வரி போட வந்தவர் நீளம் அகலம் அளந்து பார்த்துவிட்டு, உயரத்துக்கு வரி கிடையாது என்று எழுதிக்கொண்டு ஒரு டம்ளர் மோர் குடித்துப் போனார்.

ஆவணியில் வீடு ரோட்டுக்கு மேலே வந்துவிட்டது. செல்லப்பாண்டிக்கு வயிறு எரிந்தது. பஞ்சாயத்தைக் கூட்டினார். வெற்றிலை மாற்றும்போது தண்ணீரைப் பற்றித்தான் பேச்சே தவிர வீடு எழுந்திருக்கக் கூடாது என்று பேச்சில்லையே என்று பெரியவர்கள் எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்துபோனார்கள். அவர் அதோடு விடுவாரா? தன் வீட்டுக்கும் திருகு வேண்டும் என்று தேனிக்குப் போய், அம்மாவாசி செய்ததைவிட நாலு மடங்கு தடிமனில், வெள்ளிப் பெயின்ட் அடித்து நாலு திருகு வாங்கிவந்தார். மாட்டுகிற அன்று வாஸ்து பார்க்கிறவர் ஒருத்தரும் கூடவே வந்திருந்தார். இரும்பு ஈசானிய மூலையைப் பார்த்து இறங்கினால் வம்சத்துக்கு ஆகாது, ஏறித்தான் போகவேண்டும் என்று அவர் சொல்ல, கம்பியைத் தலைகீழாக மாட்டினார்கள். கீல் பக்கத்தில் கீழ் மூலை, தாழ்ப்பாள் பக்கத்தில் மேல் மூலை. அந்த வழியாகப் போன அம்மாவாசி சைக்கிளை நிறுத்தினான். "அண்ணே, மரக்கட்டையின்னா அப்பிடி வைக்கலாம், அது முட்டுக் குடுக்கும். கம்பி இழுக்க மட்டுந்தேன் செய்யும். இப்பிடி மாட்டிட்டு முறுக்குனா கீழதேன் இழுக்கும்" என்றான். "ஏலே, பந்தக் கம்பி முறுக்குற பய எனக்குச் சொல்ல வந்துட்டியாக்கும்? போவியா" என்று விரட்டிவிட்டார் செல்லப்பாண்டி.

ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்பதெல்லாம் இல்லாதவர்களுக்கு என்று, ரோடு ரோலர் டிரைவரை வைத்துக் கடப்பாரை போட்டுப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினார். வீடு இறங்கியது. அவர் சம்சாரம் கருத்தம்மாள், சன்னல் வழியாகப் பார்த்தால் முன்னெல்லாம் போகிற வருகிறவர்களின் தலை தெரியும், இப்போது முழங்கால்தான் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தாள். "ரோடு ஏறியிருக்கும்டி. ரோட்டப் பத்தி எனக்கா தெரியாது?" என்றார் அவர். நியாயம்தான், அந்த ஊரில் ரோடு ஏறித்தான் அவர் பார்த்திருக்கிறார், வீடு இறங்கி அவர் பார்த்ததில்லை. கருத்தம்மாளின் அடுப்பங்கரைச் சன்னலில் ஆட்டுக்குட்டி தலையை விட்டுக் கறிவேப்பிலையைத் தின்றுவிட்டுப் போனபோதும் ரோட்டைத்தான் திட்டினார். இன்னும் பலமாக முறுக்கச் சொன்னார்.

புரட்டாசி பதினெட்டாம் தேதி அவர் கடைசி அம்பை எய்தார். அவசர வேலை என்று சொல்லி, தெருவில் எட்டு அங்குலத்துக்கு இன்னொரு ரோடு போட்டார். பவுனு வாசலில் நின்று பார்த்தாள். மறுபடி ரோடு வாசலுக்கு மேலே போய்விட்டது. மழைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். அம்மாவாசி சொன்னபடி ஒரு சுற்றாகப் போனால் இரண்டு அங்குலம்கூடத் தேறாது. அவள் திருகைப் பிடித்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று சுற்றினாள். சுவர் முனகியது, ஓடு நொறுங்கி விழுந்தது, முன்பக்கம் மட்டும் ஏறி வீடு பின்னால் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பின்கதவில் திருகினால் முன்னால் சாய்ந்தது. மூன்று நாள் முன்னாலும் பின்னாலும் ஓடி, நாலாம் நாள் உள்ளங்கை கிழிந்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் வீடு போய்விடும் என்று அன்றுதான் முதல்தடவையாக அவளுக்குத் தோன்றியது.

சுந்தரலிங்கம் பாயைச் சுருட்டி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கொல்லைப்பக்கம் போனார். பிறகு பின்கதவிலிருந்து, "நான் எண்ணுறேன் பவுனு. நீயி நான் சொல்லச் சொல்லச் சுத்து. ரெண்டு பேரும் ஒண்ணாச் சுத்துனாத்தேன் மட்டம் நிக்கும். ஒண்ணு..." என்று அவர் குரல் வந்தது. இருபது வருஷத்தில் அந்தக் குரலை அவள் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் அண்ணனுக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் கத்தினார். பவுனுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றினாள். எட்டு நாளைக்கு, காலையில் பத்து, சாயங்காலம் பத்து. வீடு ஒரு பக்கமும் சாயாமல், பொங்கல் பானையில் பால் ஏறுகிற மாதிரி மெதுவாக ஏறியது.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. மத்தியானத்துக்குள் தெரு ஆறாக ஓடியது. பவுனும் சுந்தரலிங்கமும் வலைக்கதவுக்குப் பின்னால் தரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தண்ணீர் நிலைப்படிக்கு நாலு விரல் கீழே வந்தது. மூன்று விரலானது. இரண்டு விரலில் நின்றது, யோசித்தது, திரும்பிப் பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது. அங்கே விழுந்த சத்தம் கிணற்றில் விழுகிற சத்தமாக இருந்தது. சுந்தரலிங்கம் பதறி எழுந்து ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார். சன்னல் வழியாக முதலில் தார் காண்ட்ராக்ட் காகிதங்கள் வந்தன, பிறகு கருத்தம்மாள் வந்தாள், கடைசியில் தொப்பலாக நனைந்த செல்லப்பாண்டி வந்தார்.

அவர் வலைக்கதவு முன்னால் வந்து நின்றார். உள்ளே வரக் கூச்சம். தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று வலை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி உள்ள வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. பவுனு எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

"இங்கன வரல மாமா. அக்காவக் கூட்டிட்டு வெரசா உள்ள வாங்க. கதவச் சாத்துங்க, கொசு வந்துரும்" என்றாள்.

பதினோரு நாள் அங்கேயே சாப்பிட்டார்கள். மழை விட்டதும் அம்மாவாசி வந்து நாலு கம்பியையும் மாற்றி மாட்டிக்கொடுத்தான், தைப்பொங்கலுக்குள் அந்த வீடும் மேலே வந்துவிட்டது. 2010-ல் கிழக்குத் தெருவுக்கு மறுபடி ரோடு வந்தது, அதற்குள் தெருவில் எல்லா வீட்டுக் கதவிலும் திருகு ஏறியிருந்தது. அந்த காண்ட்ராக்டையும் செல்லப்பாண்டிதான் எடுத்தார், பழைய ரோட்டை அப்போதும் பேர்க்கவில்லை. ஆனால் முந்தின வாரமே வீடு வீடாகப் போய், "வர்ற வெள்ளிக்கெழம ரோடு போடுறோம், ஆளுக்கு நாலு அங்குலம் ஏத்திக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். புருஷன் முன்கதவிலும் பெண்டாட்டி பின்கதவிலுமாகத் தெருவே நின்று முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணியது. அப்புறம் அவரவர் தோட்டத்துக்குப் போனார்கள். திராட்சை அன்றைக்கு இருபத்திரண்டு ரூபாய்.