காணாமல் போன வெயிட்

விருசபதாசன் வீட்டில் விளக்கு ஏற்றிய பிறகு யாரும் சோற்றில் கை வைத்ததில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது ஜைனர் வீடுகளின் வழக்கம்தான். ஆனாலும் சில வீடுகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. திருவண்ணாமலையில் மேற்கே மலை நிற்பதால் வெயில் முன்கூட்டியே மறைந்துவிடும், கண்ணால் பார்த்து அஸ்தமனம் சொல்ல முடியாது. அதனால் விருசபதாசன் தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்ததும் நேரத்தைப் பார்த்துச் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். "இன்னைக்கு அஞ்சே முக்கா." அந்தக் குரலுக்கு இருபத்தாறு வருஷம் "சரிங்க" என்று பதில் சொன்னவள் அவர் மனைவி ஜெயமதி.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்தப் பதில் கைமாறிப் போயிற்று. சித்திரையில் ஜெயமதிக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டை அவளுடைய ஓரகத்தி குசுமாவதி எடுத்துக்கொண்டாள். குசுமாவதி கொழுந்தன் சீவகனின் மனைவி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாலே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்து, கைகால் கழுவி, ஐந்தரைக்கெல்லாம் இலை போட்டுவிடுவாள். காமாலை போன பிறகும் சாயங்காலச் சமையல் ஜெயமதிக்குத் திரும்பி வரவில்லை. யாரும் பிடுங்கவில்லை, யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"உடம்பப் பாத்துக்குங்கக்கா. காலையில நீங்க, சாயங்காலம் நான். சரியாப் போச்சு," என்றாள் குசுமா. கணக்கு டீச்சர் அல்லவா, பங்கு பிரித்துவிட்டாள்.

குசுமா சமைக்கும் முறையைக் கண்டாலே ஜெயமதிக்கு வயிறு எரியும். காலையிலேயே காயை நறுக்கி ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கும் சேர்த்துச் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் இடித்து டப்பாவில் போட்டுக்கொள்வாள். புளியைக் கரைத்து எண்ணெயில் காய்ச்சி ஜாடியில் வைத்திருப்பாள், ஒரு கரண்டி எடுத்துச் சுடுசோற்றில் பிசைந்தால் புளியோதரை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குக்கர். அடியில் பருப்பு, அதன் மேல் அரிசி, அதற்கும் மேல் காய். மூன்றையும் அடுக்கி மூடிவிட்டு நோட்டுப் புத்தகம் திருத்தப் போய்விடுவாள். அது பாட்டுக்கு வெந்து அது பாட்டுக்குக் கூப்பிடும்.

"மூடின பாத்திரத்துக்குள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? கண்ணால பாக்காத சோறு," என்று ஜெயமதி சொல்லிப் பார்த்தாள். "ஜாடியில நாள்கணக்கா வச்ச புளி, அதுல எத்தன உசுரு ஊறுதோ," என்று தர்மத்தையும் துணைக்குக் கூப்பிட்டாள். விருசபதாசன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரத்துக்கு இலை விழுந்தது, அவருக்கு அது போதும்.

இவ்வளவும் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு ரசத்தால். கார்த்திகை பிறந்த முதல் ஞாயிறு. குசுமா குக்கரிலிருந்து பருப்புத் தண்ணீரை வடித்து, பொடியைத் தூவி, தக்காளியைக் கையால் பிசைந்து, பத்து நிமிஷத்தில் ஒரு ரசம் வைத்தாள். விருசபதாசன் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ரசம் யார் வச்சது?"

"சித்தி, அப்பா," என்றாள் சந்திரகலா, அவர்களுடைய ஒரே மகள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

இருபத்தாறு வருஷத்தில் அவர் ஜெயமதியைப் பார்த்து யார் வைத்தது என்று கேட்டதில்லை. யார் வைத்தது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை என்றுதான் அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை ரசம் ஊற்றும்போது அவர் தானாகவே தொன்னையை நீட்டியதையும் பார்த்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, எல்லாரும் வெளியே போன பிறகு, ஜெயமதி குக்கர் மூடியிலிருந்து வெயிட்டை எடுத்தாள். பெருவிரல் அளவு இரும்புக் குண்டு, அவ்வளவுதான். அது மேலே உட்காராவிட்டால் குக்கர் வெறும் அலுமினியப் பானை. தன் அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்துப் பூட்டினாள். களவு என்று அவள் மனசு பெயர் வைக்கவில்லை. எடுத்து வைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று குசுமா அடுப்படியைத் தலைகீழாக்கித் தேடினாள். கடைசியில் வெங்கலப் பானையில் உலை வைத்தாள். சோறு வெந்து இறங்கும்போது மணி ஐந்தே முக்காலைத் தாண்டிவிட்டது. விருசபதாசன் பட்டினியாக எழுந்து போனார். வெளியே போன மனிதர் வாசல்படியில் நின்று திரும்பினார். இப்போது குசுமாவுக்கு விழும் என்று ஜெயமதி காத்திருந்தாள்.

"வேலைக்குப் போயிட்டு வர்ற பொண்ணு. வீட்லயே இருக்கிற நீ கொஞ்சம் கை கொடுத்திருக்கலாம்," என்றார் அவர் ஜெயமதியைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை குசுமா சேமியா உப்புமா கிளறினாள். கால் மணி நேரம். புதன்கிழமை அவலை நனைத்து அந்த ஜாடிப் புளியைப் போட்டுப் பிசைந்தாள். அதைவிடக் கம்மி நேரம். "அவல் நல்லாருக்கு அண்ணி, நீங்களும் போட்டுக்குங்க," என்று கொழுந்தன் சீவகன் வேறு சொன்னான். பாத்திரக் கடை முருகையனிடம் புது வெயிட்டுக்குச் சொல்லியாயிற்று, வேலூரிலிருந்து சனிக்கிழமை வரும் என்றாள் குசுமா. காணாமல் போனதைப் பற்றி அவள் ஜெயமதியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை சந்திரகலாவைப் பெண் பார்க்க ஆரணிப் பக்கத்திலிருந்து ஆதிராஜ் நயினார் குடும்பம் வந்தது. பையன் மின்சார வாரியத்தில் வேலை. நல்ல குடும்பம், ஆனால் கறாரான மனிதர். இருட்டினால் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்று தரகர் இருசப்பன் முன்பே சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்: பெண் பிடித்தால்தான் அவர்கள் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். இதுவரை மூன்று வீட்டில் எழுந்திருக்கிறார்கள். நாளைக்குப் போளூரில் அடுத்த வீடு பார்க்கப் போகிறார்கள்.

பெண் பார்க்கும் அன்றே சாப்பாடு என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தயாராக இருந்தன. சந்திரகலா வந்து நமஸ்காரம் செய்தாள், இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். ஆதிராஜ் தன் மனைவி பொன்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையாட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.

"மணி அஞ்சு அஞ்சு. பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க. உங்க வீட்ல கை நனைச்சிட்டே போயிடறோம். அஸ்தமனம் எத்தனைக்கு?"

"அஞ்சு நாப்பத்திநாலு," என்றார் விருசபதாசன். குரல் நடுங்கவில்லை. ஆனால் சமையலறைப் பக்கம் திரும்பிய முகத்தில் ரத்தம் இல்லை.

வந்தவர்கள் ஆறு பேர். வீட்டு ஆண்கள் இரண்டு. முப்பத்தொன்பது நிமிஷம்.

சமையலறையில் ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கலப் பானையில் எட்டுப் பேருக்கு உலை கொதிக்கவே இருபது நிமிஷம் ஆகும். பருப்பு அதற்குப் பிறகு.

"உப்புமா கிண்டிடலாமாக்கா?"

"சம்பந்தி கை நனைக்கிறதுக்கு உப்புமாவா? ஊர் முழுக்கச் சொல்லுவாங்க. இந்த வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"அப்ப நீங்களே சொல்லுங்க. வெயிட் இருந்தா நான் அரை மணியில போட்டுடுவேன். இல்லையே." குசுமா குக்கரின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். தலை நிமிரவில்லை.

ஜெயமதி நின்றாள். நாலு நாளாக ஒரு ரகசியச் சந்தோஷம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் இவள் முன்னால் தலை குனியவேண்டும், அதுவும் இவள் ஒன்றும் கேட்காமல் இருக்கும்போது. நீட்டாவிட்டால் மகளைப் பிடித்துப்போனவர்கள் பசியோடு படியிறங்குவார்கள். கேட்டுச் சோறு போடாத வீடு என்று நாளை போளூரில் பேச்சு வரும். கூடத்தில் யாரோ இருமினார்கள். ஆதிராஜின் கடிகார மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். அவளுடைய அறைக்குக் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும். "என்னாங்க சம்பந்தியம்மா, சிரமம் எதுவும் இல்லையே," என்றாள் பொன்னம்மா. "சிரமம் என்னா, ஒரு சாமான் எடுக்கறேன்," என்று ஜெயமதி சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது மூடிய கை முந்தானைக்குள் இருந்தது. விருசபதாசன் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு காலண்டரைப் பார்த்தார்.

சமையலறையில் அவள் கையை விரித்தாள்.

"கெடைச்சிதாக்கா?"

"இருந்திச்சி."

குசுமா வெயிட்டை வாங்கி ஒருமுறை முகர்ந்தாள். "பூச்சி உருண்டை வாசன அடிக்கிது," என்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு பேச நேரம் இல்லை. பருப்பும் அரிசியும் பூசணியும் அடுக்காக உள்ளே போயின. பம்பு ஸ்டவ் உறுமியது. பக்கத்து விறகடுப்பில் குசுமா காய்ச்சிய புளியை வெந்நீரில் கரைத்து ஏற்றினாள். ஜெயமதியின் கை தானாகவே ரசப்பொடி டப்பாவை எடுத்தது. இவள் இடித்த பொடி என்று ஒரு நொடி தயங்கி, பிறகு இரண்டு கரண்டி போட்டாள். காலையில் நறுக்கி ஈரத்துணியில் கிடந்த அவரைக்காய் வாணலியில் விழுந்தது. சந்திரகலா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பளம் பொரித்தாள். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

குக்கர் முதல் சத்தம் போட்டபோது கூடத்தில் பேச்சு நின்றது. மூன்றாவது சத்தத்துக்கு குசுமா அதை இறக்கித் தொட்டியோரம் வைத்து மூடி மேல் தண்ணீரை ஊற்றினாள். ஆவி அடங்கியதும் திறந்தாள். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் மல்லிகை மொட்டாகக் கிடந்தது. ஜெயமதி அதைப் பார்த்தாள். கண்ணால் பார்க்காத சோறு என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஐந்து இருபத்தெட்டுக்கு இலை விழுந்தது. சாம்பார், அவரைப் பொரியல், ரசம், மோர், அப்பளம், மீந்த கேசரி. ஆதிராஜ் கடைசி வாய் மோர்ச்சோற்றை விழுங்கிக் கை கழுவியபோது கடிகாரம் ஐந்து நாற்பத்திரண்டு.

"ரசம் ரொம்ப நல்லாருந்துச்சு. யார் வச்சது?" என்றார் அவர்.

ஜெயமதி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இந்த ரசத்தைத் தாளித்தவள் அவள். பொடியும் பருப்புத் தண்ணீரும் குசுமாவுடையவை. விருசபதாசன் என்ன சொல்லப்போகிறார் என்பதிலேயே அவள் உயிர் நின்றது.

"எங்க வீட்டு ரசம்," என்றார் அவர்.

யார் பெயரும் அதில் இல்லை. ஆறுதலா, ஏமாற்றமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பொன்னம்மா சும்மா இருந்திருக்கலாம். "அரை மணியில இத்தன செய்யறதுன்னா சும்மாவா? உனக்கும் இந்தக் கைவேகம் உண்டாம்மா?" என்று சந்திரகலாவைக் கேட்டாள்.

"சித்திகிட்ட கத்துக்கிட்டேன்," என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டு.

பெற்றவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெற்றிலை பாக்கு மாற்றி, தை மாதத்துக்குப் பேசி முடித்து, விருந்தாளிகள் பஸ் ஏறப் போனபோது தெருவில் விளக்கு எரிந்துவிட்டது. ஆண்கள் வழியனுப்பப் போனார்கள். பந்தி பரிமாறிய பெண்கள் சாப்பிடவில்லை, இனி விடியும்வரை சாப்பிடவும் முடியாது. சந்திரகலாவாவது இடையில் இரண்டு அப்பளம் தின்றிருந்தாள். ஓரகத்திகள் இருவரும் வெறும் வயிற்றோடு பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். குக்கரில் இரண்டு பேருக்குச் சோறு மிச்சம் இருந்தது. இருவரும் அதைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"சனிக்கெழம புது வெயிட் வந்துடும்," என்றாள் குசுமா, சாம்பல் எடுத்துக் குக்கர் மூடியைத் தேய்த்தபடி. "அப்ப ரெண்டா இருக்கும். ஒண்ண உங்க பெட்டியிலயே வச்சிக்கிறீங்களாக்கா? ஒண்ணு காணாமப் போனாலும் இன்னொண்ணு இருக்குமில்ல."

ஜெயமதியின் முகம் சிவந்தது. இந்த நாலு நாளும் இவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை சோறு பிந்திப் பழி இவள் மேல் விழப்போன நேரத்திலும் தெரியும். தெரிந்தும் அவலைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது நன்றி வந்திருக்க வேண்டும். ஆனால், ஒரு குண்டு இல்லாமலே மூன்று நாள் ஓட்டிவிட்டாளே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

"சீர்ல ஒரு குக்கர் வாங்கணும். அந்த வெயிட்ட அதுக்கு உபரியா வச்சி அனுப்பு," என்றாள் விறைப்பாக.

"சரிக்கா."

ஜெயமதி தண்ணீர் மொண்டு, தேய்த்த மூடி மேல் ஊற்றினாள்.

"குசுமா."

"சொல்லுங்கக்கா."

"நாளைக்குச் சாயங்காலம் நான் வைக்கறேன். நீ நோட்டுத் திருத்து."

குசுமா கையை நிறுத்தினாள். "குக்கர்லயா?"

"பின்ன எதுல? எத்தன சத்தத்துக்கு எறக்கணும்?"

"மூணு."

ஜெயமதி தலையாட்டிக்கொண்டாள். தண்ணீரைக் கொஞ்சம் கம்மியாக வைத்தால் இரண்டுக்கே வெந்துவிடும் என்று தோன்றியது. அஸ்தமனத்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்கலாம். ரசத்தை அவளே வைத்து, அவளே ஊற்றி, அவர் தொன்னையை நீட்டும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பாள்.