அன்ஸிரத்துக்கு வசனம் கிடையாது

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல. எங்கள் அந்திஜான் நாடக அரங்கின் நகைச்சுவை நடிகை அன்ஸிரத்தைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை, ‘வெளியே சிரிப்பு, உள்ளே அழுகை’ என்று எழுதிவிட்டது. அக்கா அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கொமில், நான் அழுது நீ எப்பவாவது பாத்திருக்கியா?”

“இல்லக்கா.”

“அப்ப நீயே எழுது. முப்பத்தோரு வருஷமா எனக்கு வசனம் எடுத்துக் குடுத்தவன்தானே நீ.”

உண்மைதான். மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி உண்டு. அதில் புத்தகமும் சிறுவிளக்கும் நானும் இருப்போம். நடிகர் வசனத்தை மறந்தால் நான் கிசுகிசுப்பேன். அன்ஸிரத் அக்கா எதையும் மறந்ததில்லை. நான் கொடுப்பதைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். நாடகம் எழுதியவர்கள் கொதித்துப்போய்த் திரைக்குப் பின்னால் ஓடிவருவார்கள். கைதட்டல் காதில் விழுந்ததும், “நான் எழுதினதும் இதுதான்” என்பார்கள்.

2

முதல் தொடக்கம்: அவர் பிறந்த அன்று ஊரெங்கும் பனி கொட்டி

[அடித்துவிட்டேன். அவர் பிறந்தது ஜூலை மாதம்.]

இரண்டாவது தொடக்கம்: ஒப்பனைக் கண்ணாடியின் முன் தனியாக அமர்ந்து, தன் முகத்தைத் தானே

[இதை அடித்தது அவர். ஓரத்தில் எழுதியிருக்கிறார்: ‘கண்ணாடி முன்னால உக்காந்தா பவுடர் போடுவேன். வேற என்னத்தப் பண்ணுவேன்?’]

சரி, நடந்ததையே சொல்கிறேன். மாமியார் வேடம் போட வேண்டிய மூத்த நடிகைக்கு ஒருநாள் பல்வலியில் கன்னம் வீங்கிவிட்டது. இருபத்துமூன்று வயது அன்ஸிரத் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார். அன்றிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகள், முதலில் மேடையிலும் பிறகு வியாழக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும், நாட்டுக்கே மாமியார் அவர்தான். கல்யாண வீடுகளில் அவர் நுழைந்தால் மணப்பெண் நிமிர்ந்து நிற்பாள். மாப்பிள்ளையின் தாய் மெல்ல வந்து காதோடு யோசனை கேட்பாள். அவருடைய நிஜ மருமகள்மேல் சந்தையில் எல்லாருக்கும் இரக்கம். காய்ந்த ஆப்ரிகாட்டைக் காசு வாங்காமலே அள்ளிப் போடுகிறார்கள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஆனாலும் ஆப்ரிகாட்டை அவள் வேண்டாமென்றதே இல்லை.

3

இந்த வேடத்துக்குத்தான் வேட்டு வந்தது. தொலைக்காட்சியில் புதிதாகப் பொறுப்பேற்ற நஸிம்ஜான், எங்கள் அரங்கில் நடந்த நவ்ருஸ் புத்தாண்டு நிகழ்ச்சி ஒத்திகையில் நெஞ்சில் கைவைத்து, மிக மரியாதையாக ஆரம்பித்தார்.

“அக்கா, இப்பல்லாம் ஆம்பளை முக்காடு போட்டா ஜனங்க ரெண்டு மடங்கு சிரிக்கிறாங்க. மாமியாரா இந்தத் தடவை தில்முரோத் பண்ணட்டும். இது எடுபட்டா வியாழக்கிழமையும் அவருக்கே.”

“எனக்கு?”

“மருமக வேஷம் இருக்கு. வசனம் கிடையாது. கும்பிடணும், டீ ஊத்தணும்.”

“எனக்கு அம்பத்தெட்டு வயசு, தம்பி.”

“அதுதாங்க்கா காமெடி.”

குழியிலிருந்து எனக்கு மேடை விளிம்பில் நின்ற அக்காவின் காலணிகள் மட்டும் தெரிந்தன. முப்பத்தைந்து ஆண்டு உழைப்பை ஒருவன் இப்படிச் சிரித்துக்கொண்டே பிடுங்குகிறானே என்று நினைத்தேன்.

“சரி,” என்றார் அக்கா. “டீ ஊத்த எனக்கு ஒருத்தர் எழுதிக் குடுக்கவேணாம்.”

[தில்முரோதை இங்கே வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல பிள்ளை, நல்ல நடிகன். அன்று பயத்தில் மூன்று முறை கழிவறைக்குப் போனதை அவனே சொல்லியிருக்கிறான்.]

4

நவ்ருஸ் அன்று பிற்பகல். நேரடி ஒளிபரப்பு, எழுநூறு இருக்கைகளும் நிறைந்திருந்தன. விருந்துத் துணியின் முன் முக்காடும் மீசையுமாக தில்முரோத் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்குமுன்பே சிரித்தார்கள். நஸிம்ஜான் சொன்னது பொய்யல்ல.

பிறகு மணப்பெண்ணின் பூவேலை முகத்திரையை அணிந்து அக்கா வந்தார். எங்கள் வழக்கப்படி மருமகள் குனிந்து வணங்க வேண்டும். முதல் வணக்கத்தில் அவருடைய முழங்கால் ‘டக்’ என்றது. விருந்தாளி முன் உளறிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்த முழங்காலைப் பார்த்தார். இரண்டாவது வணக்கத்தில் மாமியாரின் தோளைப் பிடித்து எழுந்தார். மூன்றாவதில் குனிந்தவர் நிமிரவேயில்லை. தில்முரோத்தான் தூக்கிவிட வேண்டியதாயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் அரங்கைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

அடுத்தது தேநீர்.

[வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நாங்கள் விருந்தாளியின் கிண்ணத்தில் இரண்டு வாய் அளவுதான் ஊற்றுவோம். திரும்பத் திரும்ப ஊற்றுவதே மரியாதை. விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.]

முறைப்படி மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றி, மூன்று முறையும் தேநீர்ப் பானைக்கே திருப்பினார். பிறகு ஊற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. விளிம்பு வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்து, இன்னும் இடமிருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு சொட்டு விட்டார். இடக்கையை நெஞ்சில் வைத்து, வலக்கையால் கிண்ணத்தைப் பணிவாக நீட்டினார்.

அரங்கம் வெடித்தது. குழியின் பலகைகள் அதிர்ந்து என் தலையில் தூசி கொட்டியது.

தில்முரோத் கொதிக்கும் கிண்ணத்தோடு என் குழியைப் பார்த்தான். புத்தகத்தில் அவனுடைய அடுத்த வசனம்: “மருமகளே, உன் அம்மா சுகமா?” அது என் நாக்கு நுனியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் நாடகம் எழுதிய வழியே போய்விடும். நிறைந்த கிண்ணம் ஒரு கிழவியின் கைத்தவறாகிவிடும்.

நான் புத்தகத்தை மூடினேன். முப்பத்தோரு ஆண்டுகளில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

5

முடிவு அ: அவமானத்தில் தில்முரோத் கிண்ணத்தை வீசி

[அவன் அப்படிப்பட்டவனல்ல.]

முடிவு ஆ: நஸிம்ஜான் ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லிக் கத்த

[அவர் கேமராக்காரரின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.]

நடந்தது: தில்முரோத் நடிகனல்லவா, புரிந்துகொண்டான். வாய் வெந்தாலும் ஒரே மூச்சில் குடித்தான். எழுந்தான். முக்காட்டை அவிழ்த்து அவருடைய கையில் வைத்து, புது மருமகளைப்போல் குனிந்து குனிந்து வணங்கியபடி பின்னோக்கியே வெளியேறினான். எழுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். அக்கா முக்காட்டைக் கட்டிக்கொண்டு மாமியாரின் இடத்தில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை இன்றுவரை அவருடையதுதான். தில்முரோத் இப்போது அவரிடம் திட்டு வாங்கும் மகனாக வருகிறான். அவனுக்கும் நல்ல பேர்.

6

உட்கார்ந்தபடியே அவர் ஒரு வாக்கியம் சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். முன்வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தது. மூன்றடி தூரத்தில் இருந்த எனக்குச் சிரிப்புச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒளிப்பதிவிலும் சிரிப்பு மட்டுமே இருக்கிறது. முன்வரிசைக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நேற்று அவரிடமே கேட்டேன்.

“அப்ப என்னக்கா சொன்னீங்க?”

“அத எங்கிட்ட கேக்கறியா? நீ எதுக்குடா இருக்க?”

பதினோரு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். பதினொன்றையும் அடித்துவிட்டேன். எதற்கும் என் மனைவிகூடச் சிரிக்கவில்லை. ஆகவே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

“                              ”

அக்கா முக்காட்டை முடிச்சுப் போட்டுவிட்டார். உதடு திறக்கிறது. அரங்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. அது அடங்குவதற்குள் சொல்லுங்கள்.