ஏழாம் மாடியில் நின்ற லிஃப்ட்

நான் லிஃப்ட் மெக்கானிக். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் சிரிப்பீர்கள், அதற்குப் பதில் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளரோடு எனக்குச் சண்டை. லிஃப்ட் கதவு மூடவில்லை என்று கூப்பிட்டிருந்தார். கதவு ஓடுகிற பள்ளத்தில் யார் வீட்டுச் சட்டைப் பொத்தானோ சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டுக் கதவைச் சரிசெய்தேன். லிஃப்டுக்குள் ஒரு சோதனை அட்டை தொங்கும். வேலை முடிந்ததும் அதில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மனிதர் அட்டையைக் கழற்றி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"போட்டுட்டுக் கிளம்புங்க. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"மேல வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துதான் போடுவேன்."

"ரெண்டு மாடி போய்ப் பாத்தீங்கல்ல? மிச்சமும் அதே கதவுதானே."

"அப்படின்னா நீங்களே போட்டுக்குங்க. உள்ள மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடாதீங்க."

பதினொரு மாடியிலும் நின்று நின்று போய்விட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஏறிப் பார்க்காமல் எந்த அட்டையிலும் என் கையெழுத்து இருக்காது. இதற்காக என்னை முசுடு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்பதாவது மாடியில் நின்றபோது தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கேமை நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையிலேருந்து எடுத்துடறேன். திங்கக்கிழமை வேலையில சேர்றேன். இனிமே இதெல்லாம் செய்யறதா இல்ல. உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் நாலு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து தனியாகச் செய்த வீடியோ கேம் அது. படம் வரைந்தது, இசை போட்டது, எல்லாம் அவளே. கதாநாயகன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். முன்வழுக்கை, எந்நேரமும் முணுமுணுப்பு, ஒரு பக்கம் சாய்ந்த நடை. யார் என்று கேட்டால் "சும்மா கற்பனை" என்பாள். பதினாலு மாடிக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு கோளாறு. சரிசெய்தால்தான் அடுத்த மாடிக்கு ஏறலாம். கேமை இணையக் கடையில் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. வாங்கியவர்கள் முந்நூற்றுப் பதினாறு பேர்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், கவனிக்கப்படாத கேம்களை வரிசைப்படுத்தி எழுதுகிற ஆள் நான். 'யாரும் கண்டுகொள்ளாத இருபது' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். நான் ஒரு கேமை ஒரு படி மேலே ஏற்றினால் அன்றைக்கே நூறு பேர் வாங்குவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடக்கிறதைச் சொல்கிறேன்.

அந்த இருபதில் என் தங்கையின் கேம் இல்லை. இரண்டு வருஷமாக இல்லை. போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "உங்கள் சொந்தத் தங்கை செய்த கேமுக்கே இடம் இல்லையா? அவ்வளவு மோசமா?" அந்த ஆள் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதை அவளும் படித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் செய்தியைக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

"நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ரெண்டு வருஷமா வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருந்தா அவ என்னன்னு நினைப்பா?"

"நல்லா இல்லைன்னு யார் சொன்னா?"

"அப்புறம் என்னவாம்?"

குளிக்கப் போனேன். குளியலறைக் கதவை அறைந்து சாத்தினேன். கதவு என்ன பாவம் செய்தது என்று வெளியிலிருந்து கேட்டாள்.

காரணம் இதுதான், உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் அந்த கேமை முடிக்கவில்லை. ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்டேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துச் செய்த கேமில், லிஃப்டை ஓட்டத் தெரியாமல் இரண்டு வருஷமாக ஏழாவது மாடியில் நிற்கிறான்.

முடிக்காததற்கு வரிசையில் நம்பர் கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே என் தங்கைதான். சின்ன வயதில் எங்கள் துணி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் கார்ட்டூன் படங்களுக்கு ஒரு வரிசை எழுதி வைத்திருந்தோம். மேகத்தைக் கயிறு கட்டி ஊருக்கு இழுத்துவரும் கழுதையின் படம்தான் முதல் இடம் என்பாள் அவள். கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்த நரியின் படம் என்பேன் நான். அடிதடி நடக்கும். ஒருநாள் பாதிப் படத்தில் மின்சாரம் போய்விட்டது. பாதிக்கே அது பிரமாதம் என்று நான் மூன்றாம் இடம் கொடுத்துவிட்டேன். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்து எச்சில் தொட்டு அதை அழித்தாள். "கடைசிப் பேர் ஓடி முடியற வரைக்கும் பாக்காத படத்துக்கு நம்பர் கிடையாது." அப்போது அவளுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து படம் முடிந்ததும் வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், தேநீர் கொடுத்தவர் என்று அத்தனை பெயரும் ஓடுகிறவரை இருவரும் உட்கார்ந்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வைப்பதற்கு முன்னால் அவள் கேமை என்னிடம்தான் கொடுத்தாள். முழுசா ஆடிப் பார்த்துச் சொல்லு என்றாள். பத்து நாள் ஏழாவது மாடியில் முட்டி மோதினேன். பதினோராம் நாள் அவள் ஃபோன் செய்தபோது, "எல்லாம் சரியா இருக்கு, வெளிய விடு" என்றேன். அப்புறம் முடித்துக்கொள்ளலாம், இவளிடம் போய் எப்படித் தெரியவில்லை என்று சொல்வது என்றுதான் நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மேசையில் திங்கட்கிழமைக்கு இஸ்திரி போட்ட சட்டை. காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. திரையில் கடையின் பக்கம் திறந்திருந்தது. 'நிரந்தரமாக நீக்கு' என்று சிவப்பில் ஒரு பொத்தான்.

"சாப்டியா?" என்றாள்.

"சாப்பாடு இருக்கட்டும். இதை எதுக்கு எடுக்கற? கிடந்துட்டுப் போகட்டுமே."

"தினமும் காலையில எழுந்து யாராவது வாங்கினாங்களான்னு பாக்கறேன். எனக்கே என்னைப் பாத்தா எரிச்சலா இருக்கு. போதும்ணா."

"நாலு வருஷ உழைப்பு."

"அது எனக்குத் தெரியாதா? சரி, ஒரே ஒரு கேள்வி. உன் லிஸ்ட்ல எத்தனாவது இடம்? இருபதுல இல்லைன்னா எண்பதா? நூறா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"சொந்தக்காரங்க செஞ்சதைப் போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பதிமூணாவது இடத்துல இருக்கறது உன்கூட வேலை செய்யற மீசைக்காரரோட மச்சான் செஞ்சது. அப்போ யாரும் பேசலையா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம்தான் வரும், வேறு எதுவும் வராது.

"முடிக்கலைடி. போதுமா? நான் அதை முடிக்கவே இல்ல. ஏழாவது மாடியில நிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏழாவது மாடியா? அது சின்னப் பிள்ளைங்க ஆடறதாச்சே. ஆறுலதான் மூளையைக் கசக்கணும்."

"சின்னப் பிள்ளைங்களா? உன் கேமுக்கு ஒரு கும்பிடு. நான் நாலு சுவத்தையும் தட்டிப் பாத்துட்டேன், விளக்கை அணைச்சுப் பாத்துட்டேன், அந்தப் பூனைக்குப் பால் ஊத்திக் கெஞ்சிப் பாத்துட்டேன். லிஃப்ட் அசையல."

"திற. காட்டு."

மடிக்கணினியைத் திறந்து ஏழாவது மாடிக்குப் போனேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் என்னைப் போலவே வழுக்கை விழுந்த ஆள் லிஃப்டுக்குள் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பூனை.

"கைப்பிடியை இழு," என்றாள்.

"எந்தக் கைப்பிடி?"

"வலது பக்கச் சுவத்துல, சிவப்பா, இவ்வளவு பெருசா."

"எங்க இருக்கு? நீயே காட்டு."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். வலது பக்கச் சுவர் வெறும் சுவராக இருந்தது. விரலால் திரையைத் தொட்டாள். எழுந்து தன் கணினியில் அதே மாடியைத் திறந்தாள். அங்கே வலது பக்கச் சுவரில் சிவப்பாக, இவ்வளவு பெரிதாக ஒரு கைப்பிடி இருந்தது.

எனக்கு ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மாட்டிக்கொண்டது என் முட்டாள்தனம் இல்லை. "பாத்தியா, பாத்தியா" என்று இரண்டு தடவை சொன்னேன்.

விஷயம் சின்னது. கேமின் எல்லாப் படங்களையும் ஒன்றாகக் கட்டி, கடைக்கு அனுப்புகிற பிரதியைச் செய்தபோது, அந்தக் கைப்பிடியின் படம் மட்டும் விடுபட்டிருக்கிறது. அவள் கணினியில் மூலப் படம் இருந்ததால் அவளுக்கு எப்போதும் தெரிந்தது. மற்ற எல்லோருக்கும் வெறும் சுவர்.

கடைப் பக்கத்துக்குப் போய் வாங்கியவர்கள் எழுதியதை மறுபடி படித்தாள். மொத்தமே ஒன்பது பேர். "ஏழாவது மாடி எனக்கு எட்டவில்லை." "ஆறு மாடி வரை அருமை, அதற்குமேல் எனக்குப் பொறுமை போதவில்லை." "நான் இந்த மாதிரி விளையாட்டில் மக்கு, மன்னிக்கவும்." முந்நூற்றுப் பதினாறு பேரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, தங்களைத் தாங்களே மக்கு என்று திட்டிக்கொண்டு, கணினியை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஏழு சுலபம்தானே, ஆறுலயே களைச்சுப் போறாங்க போலன்னு நினைச்சு முதல் ஆறு மாடியை சுலபமாக்கினேன்," என்றாள். "மூணு மாசம் உக்காந்து அதைத்தான் செஞ்சேன்."

"எவனாவது ஒருத்தன் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்ல? முந்நூறு பேர்ல ஒருத்தனுக்குக்கூடத் தோணலை பாரு," என்று எகிறினேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"உனக்கு என் நம்பர் தெரியும்லண்ணா."

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவள் கைப்பிடியின் படத்தைச் சேர்த்துப் பிரதியைப் புதிதாகக் கட்டினாள். பதினோரு நிமிஷம் ஆனது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் சரியாகத் தெரியும். பிறகு அதை என் மடிக்கணினியில் ஏற்றி என் பக்கம் தள்ளினாள்.

"ஆடு. மேல வரைக்கும்."

சிவப்புக் கைப்பிடியை இழுத்தேன். லிஃப்ட் ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது மாடியில் ஒரு பெண் குழந்தை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. அழிந்துபோன மூன்றாவது வரியை நிரப்பினால்தான் லிஃப்ட் நகரும். பன்னிரண்டில் அந்த முணுமுணுப்பு ஆள் செயலாளரோடு சண்டை போட்டான், நான் போடுகிற சண்டை, என் வார்த்தைகள். பதிமூன்றில் கண்ணீர் திரையை மறைத்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் ஆடிய கேம்களிலேயே இப்படி ஒன்றை ஆடியதில்லை. இது இரண்டு வருஷமாக ஏழாவது மாடிக்கு மேலே யாருமே பார்க்காமல் கிடந்திருக்கிறது. வாசகரைத் திட்டலாம், கடையைத் திட்டலாம், முந்நூற்றுப் பதினாறு பேரையும் திட்டலாம். யாரைத் திட்டினாலும் சுற்றி வந்து நான்தான் நிற்கிறேன்.

பதினாலாவது மாடியில் கதவு திறந்தது, மொட்டை மாடி. ஆள் வெளியே வந்து முதல்முறையாக முணுமுணுக்காமல் நின்றான். பிறகு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கதை, படம், இசை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பூனைக்குக் குரல் கொடுத்தது என் மனைவியாம், எனக்கே தெரியாது. மடிக்கணினியை மூடப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பழக்கப்படி உட்கார்ந்தோம்.

எல்லாம் ஓடி முடிந்து, திரையில் லிஃப்டுக்குள் தொங்குகிற சோதனை அட்டை ஒன்று வந்தது. நான் தினமும் கையெழுத்துப் போடுகிற அதே அட்டை. அதில் அவள் கையெழுத்தில் கடைசி வரி:

'பதினாலு மாடியும் ஏறிப் பார்த்துச் சரி என்றவர்: என் அண்ணன்.'

மணி ஐந்தே முக்கால். அவள் தன் கணினிப் பக்கம் திரும்பி, சிவப்புப் பொத்தான் இருந்த பக்கத்தை மூடினாள்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன், அதுல மாத்தம் இல்ல. இது கிடக்கட்டும்."

"அந்தப் பேரை எடுத்துடும்மா," என்றேன்.

"எடுக்க மாட்டேன்," என்றாள். "கடைசிப் பேர் ஓடி முடிஞ்சிடுச்சு. இப்போ நம்பர் சொல்லு."