பால் பொங்காத வீடு

எங்கள் ஊரில் வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் அடுப்பில் பால் வைப்பார்கள். பொங்கினால் வீட்டுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. பொங்காவிட்டால் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். யாரும் வீட்டோடு சண்டை போடுவதில்லை.

ஞானசௌந்தரியின் வீட்டில் எட்டு மாதமாக யாருக்கும் பால் பொங்கவில்லை.

கணவர் போனபின் கைக்கு வந்த பணத்தில் வாங்கிய வீடு. மகன் ஓசூரில், மகள் மஸ்கட்டில். இரண்டு பேரிடமும் கை நீட்டாமல், வரும் வாடகையில் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. புரோக்கர் சூசை வாங்குவதற்கு முன்பே படித்துப் படித்துச் சொன்னார்.

"நல்ல தண்ணி வருதான்னு பாருங்க. சுவத்துல ஓதம் இருக்கான்னு தடவிப் பாருங்க. பள்ளிக்கூடம் பக்கம்னா வீடு காலியா கெடக்காது. எல்லாத்துக்கும் மேல, வாடகைக்கு விடப்போற வீட்டுல ஒரு மத்தியானம்கூட கண்ணசந்துராதீங்க."

தண்ணீர் பார்த்தாள், சுவர் தடவினாள், பள்ளிக்கூடம் பக்கமாகவே வாங்கினாள். ஆனால் வெள்ளையடித்த அன்று, காயட்டும் என்று உட்கார்ந்து ஜெபமாலை சொன்னவள், மூன்றாம் பத்து முடிவதற்குள் தூங்கிவிட்டாள். அரை மணி நேரம்தான். விழித்தபோது வீடு அவளை அம்மாவாக எடுத்துக்கொண்டிருந்தது. அதன்பின் அவள் பூட்டிக்கொண்டு கிளம்பினாலே ஜன்னல்கள் அடித்துக்கொள்ளும். தெருமுனைவரை கேட்கும்.

"யக்கா, தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றார் சூசை.

"அசந்துட்டேன்யா. வீடுன்னா தூக்கம் வரத்தானே செய்யும்."

"சரி, பால்குடி மறக்கடிக்க என்ன செய்வீங்க?"

"வேப்பிலை அரைச்சுப் பூசுவோம்."

"அதையே பூசுங்க."

தாழ்ப்பாளில் கட்டியாகப் பூசிவிட்டு வந்தாள். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் முப்பிடாதி என்றொருத்தி வந்தாள். தையல்காரி, ஏழு மாதம் நிறைந்த வயிறு. ஏற்கெனவே நாலு வீட்டில் பால் பொங்கவில்லை.

"இங்கயும் பொங்கலைன்னா மிஷினத் தூக்கிக்கிட்டு எங்கம்மா போவேன்?"

"அடுப்பைப் பத்தவை, தாயி. நான் உள்ள வரக்கூடாது."

ஞானசௌந்தரி வாசலோடு நின்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஆவி வந்ததே தவிர, பால் அசையவில்லை. வீடு ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட நாளில், "இப்ப வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அதே சொல் இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது. வீட்டிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"மக்கா, நான் இனிமே வாசல் வரைக்கும்தான் வருவேன். இவ நல்லவ. உள்ள ஒரு பிள்ளையும் வச்சிருக்கா. நீதான் பாத்துக்கிடணும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"பொங்கிட்டும்மா! பொங்கிட்டு!" முப்பிடாதி உள்ளேயிருந்து கத்தினாள்.

ஞானசௌந்தரி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு ஜன்னல்கூட அடிக்கவில்லை. தெருமுனையில் நின்று கொஞ்சநேரம் காதுகொடுத்துப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்குப் போனாள்.

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவள் உட்கார்ந்ததும் நிழற்குடை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் தலைவைத்தது. வெயிலில் நின்ற தகரம், நல்ல சூடு. பையை மறு கைக்கு மாற்றி இடம் கொடுத்தாள். பஸ் வந்தது. சத்தம் போடாமல் போகும்படி டிரைவருக்குக் கைகாட்டினாள்.