எழுதாமல் விட்ட வியாழக்கிழமை

கோணப்பாறையில் வானிலைப் பலகையில் எழுதப்படாத கிழமை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேரூராட்சி அலுவலக வாசலில் இருக்கும் கரும்பலகையைத் துடைத்து, வரும் ஏழு நாட்களுக்கும் எவ்வளவு குளிர், என்ன பனி என்று எழுதிவைப்பார்கள். மேலிருந்து கீழாக எழுதிய வரிசையில் நாட்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். எழுதியதை அடுத்த ஞாயிறு வரை அழிக்கக் கூடாது. இடையில் சேர்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை. இந்த வேலை பதினாறு வருடங்களாகச் செலினிடம் இருந்தது. அவளுடைய எழுத்து குண்டுகுண்டாக, தெருவில் போகிறவர்களும் படிக்கிற மாதிரி இருக்கும். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

வாரத்துக்கான வானிலை, கீழே மாவட்டத் தலைநகரிலிருந்து ஞாயிறு காலை முதல் பேருந்தின் கூரைமேல் ஏழு சாக்கு மூட்டைகளாக வந்துசேரும். எந்த மூட்டை எந்த நாளுக்கு என்று முடிவு செய்வது செலினின் பொறுப்பு. டிசம்பரில் வருவதெல்லாம் உறைபனி, வாடைக்காற்று, போனால் போகிறதென்று கொஞ்சம் வெயில். அதை வைத்துக்கொண்டு பூண்டு காயப்போடுகிறவர்களையும் லாட்ஜ் நடத்துகிறவர்களையும் ஒருசேரத் திருப்திப்படுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த டிசம்பரில் அவளுடைய அக்கா ரெஜினாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரெஜினா அவளோடு பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. "வருகிற வியாழன் காலை பஸ்ஸில் வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்." இவ்வளவுதான் கடிதம். செலின் அதை அடுப்படியில் நின்று நான்கு முறை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை பலகைமுன் நின்று திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதிக்கொண்டே வந்தவள், புதனுக்குக் கீழே வெள்ளி என்று போட்டாள். மிச்சமான வியாழனின் மூட்டையை அவிழ்த்து மற்ற ஆறு மூட்டைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டிவிட்டாள்.

இப்படிச் செய்வது அந்த ஊருக்குப் புதிதில்லை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், தணிக்கை அதிகாரி ஒருவர் வருவதாக இருந்த செவ்வாய்க்கிழமையை எழுதாமல் விட்டார். அடுத்த ஞாயிறு பலகையைத் துடைத்ததோடு அந்தச் செவ்வாயும் துணியோடு போயிற்று. அந்த அதிகாரி இன்றுவரை வந்துசேரவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது வசதியாக இருந்ததால் யாரும் விசாரிக்கவுமில்லை. செலின் அதையாவது ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம். பயந்துபோனவளுக்கு எங்கே யோசனை ஓடுகிறது?

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று லாட்ஜ் பாக்கியநாதன் அலுவலகத்துக்கு வந்து, தேனிலவு ஜோடிகள் நிறைய வருகிறார்கள், வாரத்தில் ஒரு நாள் நல்ல மூடுபனியாகப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். செலின் தாராளமாக எழுதினாள்: "வியாழன், நாள் முழுவதும் கடும் மூடுபனி." புதன்கிழமை மத்தியானம் அம்மா மரியபுஷ்பம் இறந்துபோனாள். எழுதியதை அழிக்க முடியாது. தகவல் தெரிந்து கிளம்பிய ரெஜினாவின் பேருந்து வியாழன் காலை பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. மூடுபனியில் வண்டி ஏறாது. மேலேயிருந்து ஆள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பயணிகளை இறக்கிவிடுவார்கள். செலின் போகவில்லை. கோயிலில் முதல் பெஞ்சில் தன் பக்கத்தில் நீலச் சால்வையை விரித்து அக்காவுக்கு இடம் போட்டுவைத்துக்கொண்டு, வந்துவிடுவாள் வந்துவிடுவாள் என்று உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிகிறவரை அந்தச் சால்வைமேல் யாரும் உட்காரவில்லை. துக்கமணி அடித்ததை ரெஜினா வளைவில் இருந்தே கேட்டாள். சாயங்காலம் பனி கொஞ்சம் கலைந்து ஐந்து மணிக்கு ஊருக்குள் வந்து இறங்கியவள், பலகையில் இருந்த குண்டெழுத்தைப் படித்தாள். வீட்டுக்குக்கூட வராமல் அதே வண்டியில் திரும்பிப் போய்விட்டாள்.

வளைவுக்கு மூன்று கிலோமீட்டர்தான். குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம். செலின் இத்தனை வருடத்தில் அதை எத்தனை முறை மனசுக்குள் நடந்து பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

புதன் முடிந்து வெள்ளி விடிந்தது. எழுதியதைவிடக் குளிர் தூக்கலாக இருக்கிறதே என்று ஊரில் முணுமுணுத்தார்கள். செலின் கோயில் மதில் ஓரமாக வந்து நின்று கீழே பார்த்தாள். பதினாலாவது வளைவில் வியாழக்கிழமைப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. மதிலில் இருந்து பார்த்தால் கூரைமேல் கட்டிய பைகள்வரை தெரிந்தது. அவள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது அங்கே கிலோமீட்டர் கல்லும் ஒரு மாடும் மட்டும் இருந்தன. வளைவிலும் அன்று வெள்ளிக்கிழமைதான். திரும்பி ஏறி வந்து மதிலருகே நின்றால், மறுபடியும் பேருந்து தெரிந்தது.

பத்து மணிக்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியது கண்டக்டர் மொக்கச்சாமி.

"மேடம், பதினாலாவது வளைவுல நிக்கிறோம். இங்க வியாழக்கிழமை. ஏறலாம்னு பாத்தா மேல வியாழக்கிழமையே இல்லங்கிறாங்க."

"ஆளுங்கள்லாம் எப்படி இருக்காங்க?"

"அதுக்கொண்ணும் குறையில்ல. குளிரும் இல்ல, வெயிலும் இல்ல. ஸ்வெட்டர் போட்டவங்க போட்டபடிக்கு இருக்காங்க, கழட்டினவங்க கழட்டினபடிக்கு இருக்காங்க. பிளாஸ்க்ல இருக்க டீ ஆறவே மாட்டேங்குது."

"ரெஜினான்னு ஒருத்தங்க…"

"மூணாவது சீட்டு. யார்கிட்டயும் பேசல, சன்னல் வழியா மேலயே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கெழமை நீங்க பலகையத் தொடைக்கிறதுக்குள்ள ஏதாவது வழி பண்ணுங்க மேடம். எனக்கு வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு."

பண்ணுகிறேன் என்று சொல்லிச் செலின் போனை வைத்தாள். ஒரு நாளைத் தள்ளிப்போட்டால் போதும், அக்கா மனசு மாறித் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். வண்டியோடு முப்பத்தெட்டுப் பேரை நிற்க வைத்துவிட்டோமே என்று இருந்தது. அதில் ஒருத்தி, முன்பும் அதே வளைவில் நின்றவள்.

வியாழனைப் பலகையில் சேர்க்கலாம். ஆனால் வெறும் கிழமையை மட்டும் எழுதினால் வராது. அதற்கெதிரே ஒரு வானிலை வேண்டும், அது கையிலும் இருக்க வேண்டும். செலின் ஒரு வெறும் சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். அதிகப்படியாக வந்த குளிரைத் தந்தால் உபகாரமாக இருக்கும் என்று கேட்டாள். ஊர்க்காரர்கள் நல்லவர்கள். ஆனால் யாரிடமும் பெரிதாக மிச்சமில்லை. டீக்கடை அலியார் தனக்கு வந்த கூடுதல் குளிரில் அன்று காலையே நூறு டீ விற்றுவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். பூண்டு மண்டிக்காரர் ஒரு பிடி வெயில் தந்தார். தையல்கார அம்மா, கொல்லையில் வாழையிலையின் மடிப்பில் கரையாமல் கிடந்த உறைபனியைச் சீப்பால் வழித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

"எதுக்குச் செலினு இவ்வளவு அவசரம்?"

"எங்கக்கா வியாழக்கிழமைல மாட்டிக்கிச்சு."

"அடப் பாவமே. டப்பாவ மெதுவாத் திருப்பிக் குடு," என்றாள் தையல்கார அம்மா.

சனிக்கிழமை மத்தியானம் சாக்கைக் கொட்டிப் பார்த்தபோது, எல்லாம் சேர்ந்து காலை எட்டு மணிவரைக்கும்கூடக் காணாது என்று தெரிந்தது. செலின் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள். அதில் ஒரு தலையணை உறைக்குள், கழுத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு முழு நாள் மூடுபனி இருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய அந்த வியாழனின் பனிதான். அன்று சாயங்காலம், அக்கா திரும்பிப் போன பிறகு, கல்லறைத் தோட்டத்திலும் கோயில் வாசலிலும் தேங்கிக் கிடந்ததை அவள்தான் வாரிக் கட்டினாள். மிச்ச வானிலையை மாவட்ட அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அவள் அனுப்பவில்லை. பெற்றவளின் கண்ணாடியையும் ஜெபமாலையையும் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு இதுதான் கிடைத்தது.

அலுவலகத்துக்கு வந்து மொக்கச்சாமியைக் கூப்பிட்டு, மூன்றாவது சீட்டில் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, நான்தான்."

செலின் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமையப் போடறதுக்கு என்கிட்ட மூடுபனி மட்டுந்தான்கா இருக்கு. அதே மூடுபனி. வேற எதுவுமே கெடைக்கல."

"எழுது," என்றாள் ரெஜினா.

சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் இருந்தது. குண்டெழுத்தை ஒல்லியாக்கி, "வியாழன், நாள் முழுவதும் கடும் மூடுபனி" என்று செலின் எழுதினாள். பதினொரு வருடத்துக்கு முன் எழுதிய அதே சொற்கள். தலையணை உறையைப் பலகைக்குக் கீழே வைத்துக் கயிற்றின் முடிச்சை லேசாகத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சனி முடிந்து வியாழன் விடிந்தது. வாசலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. செலின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இன்னொரு கம்பளியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கினாள். மனசுக்குள் அத்தனை முறை நடந்த பாதை என்பதால் எந்த இடத்தில் கல் இருக்கிறது, எங்கே வழுக்கும் என்பது பார்க்காமலே தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் வளைவு வந்தது. இந்தமுறை பேருந்தும் இருந்தது. அதன் தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மரியபுஷ்பம் மக ரெஜினா" என்று கூப்பிட்டாள்.

கதவு திறந்தது. "மூணாவது சீட்டு எறங்குங்கம்மா, ஆள் வந்திருக்கு," என்றார் மொக்கச்சாமி.

இரண்டு பேரும் ஏறத் தொடங்கினார்கள். ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாததால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியவில்லை. கம்பளியின் ஒரு முனையை ரெஜினாவும் மறுமுனையைச் செலினும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்டி வியாழக்கிழமைய விட்ட?" என்றாள் ரெஜினா.

"உன் மொகத்தப் பாக்கப் பயமா இருந்துச்சு."

"இப்பத் தெரியுதா?"

"இல்லக்கா."

"அப்பப் பேசு. அம்மா கடைசியா என்னைப் பத்திக் கேட்டாளா?"

கேட்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்த அந்த ஒன்று இதுதான். செலின் கம்பளி முனையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

"கேட்டுச்சு. ரெஜி எங்கன்னு கேட்டுச்சு. வழியில இருக்கான்னு சொன்னேன். அப்ப உனக்குத் தகவலே சொல்லல. சாகுற ஆளுன்னு எனக்குத் தோணலக்கா. சும்மா சொன்னேன்."

ரெஜினா அழுதாள். செலினும் அழுதாள். கம்பளியின் இரண்டு முனைகளும் ஈரமாயின.

ஊரை நெருங்கும்போது துக்கமணி அடிக்கத் தொடங்கியது. பனி அந்த நாளின் பனி. அதனால் அந்த நாளின் மணியும் அடித்தது. ரெஜினா கம்பளியை விட்டுவிட்டு வேகமாக நடந்தாள். கோயில் வாசலில், நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன பாக்கியநாதன் மாலையோடு நின்று, "சீக்கிரம் வாம்மா, பூசை ஆரம்பிக்கப் போவுது," என்றார். உள்ளே பீடத்துக்கு முன்னால் அம்மாவின் பெட்டி மூடாமல் இருந்தது. முதல் பெஞ்சில் முப்பத்தொன்பது வயதுச் செலின், பக்கத்தில் நீலச் சால்வையை விரித்துவைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரெஜினா வருவதைப் பார்த்ததும் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரெஜினா அங்கே உட்கார்ந்தாள். பெஞ்சில் அதற்குமேல் இடமில்லை. அக்காவைக் கூட்டிவரக் கீழே இறங்கிப் போன ஐம்பது வயதுச் செலின், மடித்த கம்பளியோடு வாசலிலேயே நின்றாள்.

அடக்கம் நல்லபடியாக முடிந்தது. முதல் பிடி மண்ணை ரெஜினா போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பூசை முடிந்து பேருந்து கிளம்பும் நேரத்தில், ரெஜினா அந்த முப்பத்தொன்பது வயதுச் செலினின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் மூன்று நாளாகத் தூங்காதவள். நிற்கும்போதே கண் சொருகியது.

"நேத்துத்தான் அம்மாவப் பொதச்சிருக்கு. இவளத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல," என்றாள் ரெஜினா. "கொஞ்ச காலம் என்கூட இருக்கட்டும். உனக்குப் பதினோரு வருசம் ஆயிருச்சில்ல. நீ இருந்துக்குவ."

"இருந்துக்குவேன்க்கா," என்றாள் செலின். தன்னையும் கூட்டிக்கொண்டு போ என்று வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை. அலுவலகச் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது. அதை மட்டும் ஞாபகமாக வாங்கிக்கொண்டாள்.

மொக்கச்சாமி இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்து விசில் அடித்தார். செலின் மதில் ஓரமாக நின்று பார்த்தாள். பேருந்து பதினாலாவது வளைவில் நிற்காமல் திரும்பியது. சன்னலோரத்தில் அந்த இளைய செலின், அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனாள். செலின் அலுவலகத்துக்கு வந்து பலகையைத் துடைத்தாள். ஏழு மூட்டைகளையும் எண்ணிப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று முதலில் கிழமைகளை மட்டும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே குளிரை எழுதத் தொடங்கினாள்.